அலைனர் சிகிச்சையில் சந்தேகமா? முதல் நாள் ஸ்கேனைக் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல்லுக்குக் கம்பி போட்டவர்கள் மாதம் ஒருமுறை மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்தே ஆக வேண்டும். கம்பியை மாற்றுவதும் முறுக்குவதும் அவர் கையில்தான் நடக்கும். அலைனர் அப்படியல்ல. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைகள் பத்து, பதினைந்தாக மொத்தமாகக் கைக்கு வந்துவிடுகின்றன. 7 முதல் 14 நாளுக்கு ஒன்று என்று போட்டுக்கொள்பவரே மாற்றிக்கொள்கிறார். நடுவில் ஒருநாள் கண்ணாடியில் பார்த்தால் ஒரு பல் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பதாகத் தோன்றும். அல்லது கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடவில்லை, சோற்றைக்கூட ஒழுங்காக மெல்ல முடியவில்லை என்று தெரியும். கேட்டால், ‘கடைசியில் எல்லாம் சரியாகிவிடும்’ என்று பதில் வரும். வேறு மருத்துவரிடம் காட்டலாமா, இவர் தவறாக நினைப்பாரோ என்ற தயக்கத்திலேயே இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும்.

தாராளமாகக் காட்டலாம். நல்ல மருத்துவர் யாரும் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். புதிதாகப் பார்க்கும் மருத்துவருக்கு உங்கள் பற்கள் இன்று இருக்கும் நிலை மட்டும்தான் தெரியும். முதலில் எப்படி இருந்தன, எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது என்ற இரண்டும் தெரியாமல், சிகிச்சை தவறிவிட்டதா, பாதி வழியில் சரியாகத்தான் இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. கோணலாகத் தெரியும் பல் ஒன்று, திட்டப்படியே இருபதாவது உறையில்தான் திரும்ப வேண்டியதாக இருக்கலாம்.

இந்த விஷயத்தில் அலைனருக்குக் கம்பியைவிட ஒரு வசதி உண்டு. எல்லாமே கணினியில் பதிவாகியிருக்கிறது. எந்தப் பல் எந்த உறையில் எத்தனை மில்லிமீட்டர் நகர வேண்டும், எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். பொதுவாக ஓர் உறை ஒரு பல்லைக் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நகர்த்தும். திருப்புவது என்றால் ஒன்றிரண்டு டிகிரி. நீங்கள் இப்போது 12ஆவது உறையில் இருந்தால், இன்று வாயை ஸ்கேன் எடுத்து, திட்டத்தின் 12ஆவது கட்டத்தின் மேல் பொருத்திப் பார்க்கலாம். எந்தப் பல் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். அபிப்பிராய பேதத்துக்கு அங்கே அதிகம் இடமில்லை.

ஆகவே சிகிச்சை பெறும் இடத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: தொடக்கத்தில் எடுத்த முகம், பல் படங்கள், ஓபிஜி எக்ஸ்ரே (எல்லாப் பற்களும் ஒரே படத்தில் தெரிவது), தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் செஃபலோகிராம் எக்ஸ்ரே, முதல் ஸ்கேனின் எஸ்டிஎல் ஃபைல் (பற்களின் முப்பரிமாணக் கணினிப் பதிவு), கடைசியாக ஒப்புதல் கொடுத்த திட்டம், அதனுடன் அட்டாச்மென்ட் (உறைக்குப் பிடிமானமாகப் பல்லில் ஒட்டும் சிறு மேடு) எங்கெங்கே, எந்தப் பல்லிடுக்கில் எனாமலை எவ்வளவு தேய்க்க வேண்டும் என்ற குறிப்பு. திட்டத்தின் அனிமேஷன் வீடியோ மட்டும் போதாது. அதில் எண்கள் இருக்காது. இவற்றோடு உறை மாற்றிய தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இப்போதைய உறை, அதற்கு முந்தைய இரண்டு, அடுத்தது ஆகியவற்றையும் எடுத்துப் போங்கள். பழைய உறைகளைக் குப்பையில் போடாமல் வைத்திருக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. புது உறை போட்ட முதல் இரண்டு மூன்று நாளில் பல் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிவது இயல்பு. உறையை மாற்ற வேண்டிய நாளிலும் அது அப்படியே இருந்தால் பல் திட்டத்தோடு போகவில்லை என்று பொருள். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டுக்கும் பக்கத்தில் உள்ள சிறிய பல்தான். சிறியதாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் பிளாஸ்டிக்குக்கு அங்கே பிடிமானம் குறைவு. கோரைப்பல்லையும் முன்கடைவாய்ப்பல்லையும் திருப்புவதும் கடினம். அவை உருண்டையானவை, உறை வழுக்கிவிடும். அதனால்தான் பல் நிறத்திலேயே சிறு மேடுகளை ஒட்டுகிறார்கள். இந்த அட்டாச்மென்ட் ஒன்று பெயர்ந்து விழுந்து, ‘அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டாலே அந்தப் பல் பின்தங்கிவிடும்.

இன்னொரு காரணம் இடமின்மை. நெருக்கமான பற்களைச் சீராக்கச் சில இடுக்குகளில் 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை எனாமலைத் தேய்த்து இடம் உண்டாக்குவார்கள். இதற்கு ஐபிஆர் என்று பெயர். குறிப்பில் 0.3 என்று இருக்கும்; கையால் தேய்த்தது 0.1தான் இருக்கும், அளவுத் தகட்டை விட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். பக்கத்துப் பல் இடிக்கும்போது எந்த உறையாலும் அந்தப் பல்லைத் தள்ள முடியாது. பல்லிடுக்கு நூலை விட்டுப் பாருங்கள். பின்தங்கிய பல்லின் இரு பக்கமும் நூல் சிக்கி இறங்கினால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நம் பக்கத்துத் தவறையும் மறைக்கக் கூடாது. ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட வேண்டியதை, காபி, நொறுக்குத்தீனி, போன் பேச்சு என்று கழற்றிக் கழற்றிப் 15 மணி நேரம் போட்டால் நல்ல திட்டமும் தோற்கும். இரண்டாவது மருத்துவரிடம் உண்மையான மணிக்கணக்கைச் சொல்லுங்கள். பொய்க்கணக்கு சொன்னால் அவர் தவறான இடத்தில் காரணத்தைத் தேடுவார்.

கடைவாய்ப் பற்கள் சேராமல் போவதற்கு இரண்டு வேறு காரணங்கள் உண்டு; இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். மேலும் கீழும் சேர்த்துக் கடைவாயில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் இருக்கிறது. நாள் முழுக்க அதைக் கடித்துக்கொண்டே இருந்தால் கடைவாய்ப் பற்கள் சற்று உள்ளே அமுங்கும். சிகிச்சை முடியும் தறுவாயில் உறையின் பின்பகுதியை வெட்டிவிட்டாலோ, அணியும் நேரத்தைக் குறைத்தாலோ பெரும்பாலும் சேர்ந்துவிடும். ஆனால் முன்பற்கள் ஒன்றோடொன்று முட்டுவதால் வாய் முழுமையாக மூடாமல் நிற்பது வேறு. முன்பற்களின் சாய்வைத் திருத்தாமல் அது தானாகச் சேராது. கடிக்கும் இடத்தில் வண்ணத் தாளை வைத்துப் பார்த்தால் எது என்று ஐந்து நிமிடத்தில் தெரியும். ‘சரியாகிவிடும்’ என்று சொல்பவரிடம் ‘இரண்டில் எது?’ என்று கேளுங்கள்.

முன்கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி, அந்த இடத்தை அலைனரால் மட்டும் மூடும் திட்டமாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பற்கள் நேராக நகராமல் இடைவெளிக்குள் சாய்ந்து விழும். முன்பற்கள் உள்நோக்கிப் படுத்து, கடி ஆழமாகிவிடும்; அதாவது மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை அதிகமாக மறைக்கும். அனுபவமுள்ளவர்களுக்கே இது சிரமமான வேலை. இப்படிப்பட்டவர்கள் சந்தேகம் வரும்வரை காத்திருக்காமல் தொடக்கத்திலேயே இன்னொருவரைப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

திட்டத்தில் காட்டியது அப்படியே நடக்கவில்லை என்பது மட்டும் மருத்துவரின் தவறாகாது. இன்விசலைன் என்ற நிறுவன அலைனர் உறைகளை வைத்து முன்பற்களை அளந்து 2009இல் வெளியான ஆய்வில், கணினி காட்டிய நகர்வில் சராசரியாக 41 சதவீதம்தான் வாயில் நிகழ்ந்திருந்தது. 2020இல் வெளியான மறு ஆய்வில் அது 50 சதவீதம். எனவே நடுவில் மறுபடி ஸ்கேன் எடுத்துக் கூடுதல் உறைகள் செய்யும் ரிஃபைன்மென்ட் இந்தச் சிகிச்சையின் இயல்பான பகுதி. பல் பின்தங்கியிருப்பது தெரிந்தும் ரிஃபைன்மென்ட் செய்யாமல் அடுத்த உறை, அடுத்த உறை என்று தள்ளிக்கொண்டே போவதுதான் தவறு. ஒவ்வோர் உறையும் முந்தையது வேலையை முடித்துவிட்டது என்ற கணக்கில் செய்யப்பட்டது. நான்கு உறை தள்ளினால் ஒரு மில்லிமீட்டர் விலகல்; அதற்குப் பிறகு, உறை பல்லில் நன்றாக உட்காரக் கடிக்கக் கொடுக்கும் ரப்பர் உருளையைக் கடித்துப் பயனில்லை.

சிலவற்றுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. ஒரு பல் சாம்பல் நிறமாவது, ஈறில் சீழ், ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரிவது, விரலால் தொட்டாலே பல் முன்னும் பின்னும் அசைவது. லேசான ஆட்டம் எல்லோருக்கும் இருக்கும். இது அதைத் தாண்டியது. அந்த வாரமே எக்ஸ்ரே எடுத்து வேர் கரைகிறதா, எலும்பு குறைகிறதா என்று பார்க்க வேண்டும். ஈறு நோயைக் குணப்படுத்தாமல் பல்லை நகர்த்தினால் எலும்பு வேகமாகக் கரையும்.

யாரிடம் போவது? பிடிஎஸ் படித்த மருத்துவர்கள் பலரும் அலைனர் கொடுக்கிறார்கள். எளிய கோணல்களை நன்றாகவே சரிசெய்பவர்கள் உண்டு. ஆனால் இரண்டாவது கருத்து என்று போகும்போது, பல் சீரமைப்புத் துறையில் மூன்று ஆண்டு எம்டிஎஸ் மேற்படிப்பு முடித்தவரிடமே போங்கள். அவர் பதிவு எண்ணை மாநிலப் பல் மருத்துவ கவுன்சில் பட்டியலில் பார்க்கலாம். முதல் மருத்துவரின் அதே நிறுவனக் கிளையில் இருப்பவர் வேண்டாம். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும், எம்டிஎஸ் படிப்பு நடக்கும் பிற பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது. உங்களுக்கு உறை விற்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

ஆலோசனைக்கு மட்டும் கட்டணம் கொடுத்து, ஆலோசனை மட்டும் கேளுங்கள். ‘இலவச ஆலோசனை’ என்று அழைத்து, பழைய ஃபைலைத் திறக்காமலேயே புது ஸ்கேன் எடுத்துப் புது விலை சொல்பவரின் கருத்தை நம்ப வேண்டாம். ஆரம்பப் படங்களை வைத்துப் பார்த்தால் இந்தத் திட்டம் எனக்குப் பொருத்தமானதா, எந்தப் பல் எந்த உறையில் விலகியது, பழைய இடத்திலேயே ரிஃபைன்மென்ட் செய்தால் போதுமா, சில மாதம் கம்பி தேவையா என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்கி முதல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்வு கிடைக்கும். மருத்துவரை மாற்றுவது செலவான வழி. உறை தயாரிக்கும் பணம் முன்கூட்டியே நிறுவனத்துக்குப் போய்விடுவதால் அது திரும்புவது அரிது.

இந்த இடைவேளையில் உறையைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். சில நாளிலேயே பற்கள் திரும்பத் தொடங்கும். எந்த உறை இடைவெளியின்றி முழுதாக உட்காருகிறதோ அதையே தொடர்ந்து போடுங்கள். அடுத்ததற்குப் போக வேண்டாம்.

ஃபைலைத் தர மறுத்தால் மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே தீர்ப்பளித்திருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும் என்பதால் ரசீதுகளைத் தேதியோடு வைத்திருங்கள்.

மருத்துவரைப் பார்க்காமல் தபாலில் அலைனர் விற்றுவந்த அமெரிக்க நிறுவனமான ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் தாங்களாகவே வேறு பல் மருத்துவரைத் தேட வேண்டியிருந்தது. நம் ஊரிலும் மருத்துவர் ஊர் மாறலாம், கிளினிக் மூடலாம். ஆகவே தமிழ்நாட்டில் அலைனர் கொடுக்கும் ஒவ்வொரு கிளினிக்கும் முதல் தவணை ரசீதுடன் ஸ்கேன், எக்ஸ்ரே, திட்ட அட்டவணை மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்று மாநிலப் பல் மருத்துவ கவுன்சில் ஒரு சுற்றறிக்கை விட வேண்டும். அனுப்ப ஆகும் நேரம் பத்து நிமிடம்கூட இல்லை.

இப்படிக்கு,
பல் சீரமைப்பு மருத்துவர் ஒருவர்,
மதுரை.