அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

கோத்தகிரி,
டிசம்பர்.

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. மழை விடுமுறைகளால் பின்தங்கிய பாடங்களையும் ஆசிரியர்கள் முடித்துவிட்டார்கள். கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். விளையாட்டிலும் பரிசுகள் வந்தன. எல்லோருக்கும் பாராட்டுகள்.

அடுத்து, ஐந்தாம் வகுப்பின் சுவர்ப்படம் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

தேய்ந்த கிரேயான், காய்ந்துபோன ஸ்கெட்ச் பேனா, கையில் பிடிக்க முடியாத குட்டிப் பென்சில், மயிர் விரிந்த தூரிகை, இவற்றை வீட்டிலிருந்து கொடுத்தனுப்பும்படி நவம்பரில் கேட்டிருந்தோம். தேயிலைத் தோட்டத்தில் நிற்கும் ஒரு காட்டெருமையைப் பிள்ளைகள் பெரிய அட்டையில் செய்துகொண்டிருக்கிறார்கள். உடம்பு முழுக்கப் பென்சில் சீவல். முழங்காலுக்குக் கீழே இருக்கும் வெள்ளைக்குச் சுண்ணக்கட்டித் துண்டுகள். தேயிலைச் செடிகளை விரிந்த தூரிகையால் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். அதற்குப் புதுத் தூரிகையைவிடப் பழையதுதான் நன்றாக வருகிறது.

காய்ந்த ஸ்கெட்ச் பேனாவின் உள்ளே இருக்கும் பஞ்சுக் குச்சியை உருவி, கொஞ்சம் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்தால் மறுநாள் நல்ல வண்ணத் தண்ணீர் கிடைக்கும். எந்தப் பெட்டியிலும் தேயாமல் மிஞ்சுவது வெள்ளைக் கிரேயான். அதை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்து, மேலே இந்த வண்ணத் தண்ணீரைப் பூசினார்கள். மெழுகு இருக்கும் இடத்தில் தண்ணீர் ஒட்டாது. மூடுபனி அப்படியே வந்துவிட்டது. அதைப் பார்த்தபோது வகுப்பே எழுந்து நின்றது.

கிரேயான் துண்டுகளைத் தாள் உரித்து, நிறம்வாரியாகப் பிரித்து, தகர டப்பாவில் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் வைத்து ஆசிரியையே உருக்கினார். பிள்ளைகள் தள்ளித்தான் நின்றார்கள். உருகியதை ஒரு பழைய இட்லித் தட்டில் ஊற்றினால் இந்தக் குளிரில் சீக்கிரமே இறுகிவிடுகிறது. (அந்தத் தட்டும் டப்பாவும் இனி சமையலுக்கு இல்லை. வீட்டில் செய்துபார்க்கிறவர்களும் அப்படியே ஒதுக்கிவையுங்கள்.)

இனி என் கவலையைச் சொல்கிறேன். வந்த பொருள்களில் பாதிக்குமேல் பழையவை அல்ல. பிரிக்காத 24 நிறப் பெட்டிகள் வந்தன. வேறு சில பெட்டிகளில் எல்லாக் கிரேயான்களும் ஒரே இடத்தில் ஒடிந்திருந்தன. முனை மழுங்கவில்லை, தாள் கசங்கவில்லை. புதிதாக வாங்கி, வீட்டிலேயே ஒடித்து அனுப்பியிருக்கிறீர்கள்.

ஏன் என்று எனக்குப் புரிகிறது. 'பள்ளியில் கேட்டிருக்கிறார்கள், என் பிள்ளை வெறும் கையோடு போய் நிற்கக் கூடாது' என்ற எண்ணம்தான். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாத மாதத்திலும் நோட்டுக்கும் பேனாவுக்கும் நீங்கள் குறை வைத்ததில்லை. அதை நாங்கள் அறிவோம். எங்கள் குறிப்பும் இரண்டே வரியில் இருந்தது. இன்னும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் அன்று வகுப்பில் நடந்ததை நீங்கள் பார்த்திருந்தால் வருந்தியிருப்பீர்கள். ஒரு சிறுமி மூன்று துண்டுக் கிரேயான்களைச் செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு பச்சை, நகத்தளவு ஒரு கறுப்பு. நாங்கள் கேட்டது அதைத்தான். பக்கத்தில் பளபளவென்று புதுப் பெட்டி திறந்ததும் அவள் கையை மூடிக்கொண்டாள். மணி அடிக்கும்வரை திறக்கவில்லை. மறுநாள் ஆசிரியை தனியாகக் கூப்பிட்டுப் பேசியபிறகுதான் கொடுத்தாள். காட்டெருமையின் கண் இப்போது அந்தக் கறுப்புதான்.

இன்னொன்று. ஒவ்வொரு பிள்ளையும் சிறிதாக ஒரு சோலை மரம் செய்துவர வேண்டும் என்று சொல்லியிருந்தோம். நான்கு மரங்கள் பெரியவர்கள் கைபட்டு, வெட்டு பிசிறாமல் வந்தன. 'இது எப்படி ஒட்டினாய்?' என்று கேட்டதற்கு அந்தப் பிள்ளைகளால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன். ஜனவரியில் பள்ளி திறந்ததும் இரண்டாவது படம் தொடங்குகிறோம். அதற்குக் கடையில் வாங்கிய எந்தப் பொருளும் வேண்டாம். வந்தால் பிள்ளையின் பையிலேயே திருப்பி அனுப்புவோம். பெரியவர்கள் செய்து கொடுத்ததைச் சுவரில் வைக்க மாட்டோம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று படம் போடுவதையும் நிறுத்திவிடுங்கள். ஒரு துண்டு கொடுத்தாலும் போதும், ஒன்றுமே இல்லை என்றாலும் பரவாயில்லை. ஷார்ப்னரில் விழுந்த சீவலை ஒரு தாளில் மடித்துக் கொடுங்கள், அதற்கும் வேலை இருக்கிறது.

2019 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. நம் நீலகிரியில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கட்டுப்பாடு உண்டு. தெருவில் எறியும் குப்பையைக் கரடி வந்து கிளறுவதை நம் பிள்ளைகள் நேரிலேயே பார்க்கிறார்கள். பழையதை வைத்து ஒன்று செய்வதற்காக, பிளாஸ்டிக் உறை சுற்றிய நாற்பது புதுப் பெட்டிகளை மலைக்கு மேலே வரவழைப்பது சரியா? நீங்களே யோசியுங்கள்.

வந்த புதுப் பெட்டிகளை வீணாக்கவில்லை. பிரிக்காதவற்றை ஆசிரியையிடம் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் ஒன்றாம் வகுப்புக்குக் கொடுத்துவிடுவோம்.

பழைய துண்டுகளைத் தேடி எடுத்துக் கொடுத்த எல்லோருக்கும் நன்றி. அதிகாலையில் கேரட் அறுவடைக்குப் போய்த் திரும்பிய களைப்போடு, மகனுடன் உட்கார்ந்து பேனாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த அப்பாவுக்கும், பேத்திக்காகத் தன் தையல் பெட்டியிலிருந்த தையல் சுண்ணக்கட்டியைக் கொடுத்தனுப்பிய பாட்டிக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். காட்டெருமையின் பின்னங்காலில் அது இருக்கிறது.

படம் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே, வராந்தாச் சுவரில் இருக்கும். பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளையை விட வரும்போது ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை