புகழ் மண்டபத்துக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் பல்கலைக்கழகத்துக்காக ஓடியும் பாய்ந்தும் எறிந்தும் பந்தாடியும் பெயர் வாங்கித் தந்த பழைய மாணவ மாணவியரின் பலகைகள் புகழ் மண்டபச் சுவரில் ஏறிவிட்டன. மேடையில் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். அந்தப் பலகைகளில் ஒவ்வொரு வரியும் பிழையின்றி அமைய உழைத்தவர்களை மேடைக்கு அழைக்க நேரம் போதவில்லை. இந்த மடல் அவர்களுக்கானது. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், செய்த வேலையைச் சொல்லியே நன்றி கூறுகிறோம். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ வேறொரு பாடசாலையோ கழகமோ இதே வேலையைத் தொடங்கினால் உதவட்டும் என்று நுணுக்கங்களையும் விரிவாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் மெய்வல்லுநர் நடுவர்களுக்கும். சான்றிதழில் பெரும்பாலும் ‘முதலாம் இடம்’ என்று மட்டுமே இருக்கும். நேரமோ தூரமோ இருக்காது. அவை நடுவர்கள் பழைய பெட்டிகளில் பத்திரப்படுத்தியிருந்த குறிப்புக் கொப்பிகளில்தான் கிடைத்தன. கொப்பியைத் தந்ததோடு நில்லாமல் அதை எப்படி வாசிப்பது என்றும் உட்கார்ந்து சொல்லித் தந்தார்கள். ஸ்டொப் வோச் மூன்று பிடித்தால், மூன்றும் வெவ்வேறாக இருக்கும்போது நடுவில் உள்ளதை எடுக்க வேண்டும். இரண்டு ஒத்திருந்தால் அந்த நேரம். 100இல் ஒரு பங்கு காட்டும் வோச்சில் 11.32 விழுந்தால் அதை 11.3 என்று குறைக்கக் கூடாது. அடுத்த பத்தில் ஒன்றுக்கு உயர்த்தி 11.4 என்றே பதிய வேண்டும்.

ஸ்டொப் வோச்சில் எடுத்த கை நேரத்தையும், கருவி தானாகப் பதியும் மின் நேரத்தையும் ஒரே வரிசையில் வைப்பதுதான் இத்தகைய பலகைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. துப்பாக்கியின் புகையைக் கண்ட பிறகே நேரக் கணிப்பாளரின் விரல் அழுத்தும். முடிவுக்கோட்டிலோ ஓடி வருபவரை முன்கூட்டியே பார்த்திருப்பதால் அந்தத் தாமதம் இருக்காது. ஆகவே கை நேரம் பெரும்பாலும் சற்றுக் குறைவாகவே விழும். 100, 200 மீற்றருக்கு 0.24 செக்கனும், 400 மீற்றருக்கு 0.14 செக்கனும் கூட்டி ஒப்பிடுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் கையால் எடுத்த 10.8, மின் நேரத்தில் ஏறக்குறைய 11.04. பலகையில் நாங்கள் எதையும் கூட்டவில்லை. 10.8 என்றே எழுதிப் பக்கத்தில் ‘கை நேரம்’ என்று குறித்தோம். கூட்டி எழுதியிருந்தால் அன்று மைதானத்தில் யாரும் எடுக்காத ஒரு நேரம் சுவரில் நிலைத்திருக்கும்.

காற்றையும் நடுவர்கள்தான் நினைவூட்டினார்கள். 100, 200 மீற்றர் ஓட்டங்களிலும் நீளம் பாய்தலிலும் முப்பாய்ச்சலிலும் பின்காற்று செக்கனுக்கு 2.0 மீற்றரைத் தாண்டினால் அது சாதனையாகக் கொள்ளப்படாது. ஆனி, ஆடியில் கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும் எங்கள் பக்கத்தில் இது சின்ன விடயமில்லை. காற்றுமானி இல்லாமல் நடந்த போட்டிகளின் பெறுபேற்றுக்கு எதிரே ‘காற்று அளக்கப்படவில்லை’ என்று போட்டிருக்கிறோம். இதை வீரர்களுக்குச் செய்த குறையாக யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் வென்ற இடம் வென்ற இடமே.

ஈட்டியில் வேறு சிக்கல். ஆண்களின் ஈட்டி 1986இல் மாற்றப்பட்டது. ஈர்ப்பு மையம் 4 சென்ரிமீற்றர் முன்னால் போனதால் முனை சீக்கிரம் கீழே சாய்ந்து தூரம் குறைந்தது. பெண்களின் ஈட்டி 1999இல் மாறியது. பழைய ஈட்டியின் தூரத்தையும் புதியதன் தூரத்தையும் ஆண்டை மட்டும் பார்த்துப் பிரிக்கவும் முடியாது. பழைய ஈட்டிகள் களஞ்சியத்தில் கிடந்து பின்னரும் எறியப்பட்டிருக்கலாம். எறிந்தவரிடமே கேட்டு உறுதிப்படுத்திய நடுவருக்கு எங்கள் தனி நன்றி.

கூடைப்பந்துப் புள்ளிப் புத்தகங்களை வாசித்துத் தந்தவர்கள் நகரத்துப் பழைய ஆட்டக்காரர்கள். அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் ஊன்றிவிட்டுப் போன ஆட்டம் இது. அவர்களில் ஒருவரின் பெயரைத் தாங்கிய வெபர் மைதானத்திலேயே அந்த உறவு இருக்கிறது. 2000இல் விதி மாறும் வரை ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளாகவே நடந்தது. நான்கு பத்து நிமிடங்களாக ஆனது அதன் பிறகுதான். பழைய புத்தகத்தில் இரண்டு பகுதிகள் மட்டும் இருப்பதைக் கண்டு, மீதிப் பக்கம் கிழிந்துவிட்டது என்று இளையவர்கள் நினைப்பது இயல்பு. கரப்பந்திலும் அப்படித்தான். 25 புள்ளி முறை வருமுன் செட் 15இல் முடியும். பந்து போடும் அணிக்கு மட்டுமே புள்ளி. 15-12 என்ற வெற்றியை அந்தக் காலக் கணக்கோடுதான் பார்க்க வேண்டும்.

பெயர்களைச் சரிபார்த்த குடும்பத்தாருக்கு எப்படி நன்றி சொல்வது! அக்காமார் பலர் விளையாடிய காலத்தில் தகப்பனாரின் முதலெழுத்தோடு இருந்தார்கள். இப்போது கணவரின் பெயரோடு அறியப்படுகிறார்கள். பதிவேட்டில் தேடினால் இருவேறு ஆட்களாகத் தெரியும். ஆகவே விளையாடிய பெயரை மேலேயும் இன்றைய பெயரைக் கீழேயும் பொறித்தோம். முஸ்லிம் நண்பர்களின் பெயர்களில் முகம்மது, முஹம்மத் என்று வீட்டுக்கு வீடு எழுத்து வேறுபடும். அவரவர் வீட்டு வழக்கமே முடிவு. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அச்சிட்ட தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கையொப்பம் வாங்கி வந்த மாணவர்களை மறக்க முடியாது. தொலைபேசியில் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்கினால் ணகர னகர, லகர ளகரப் பிழைகள் காதில் படாமல் போய்விடும்.

1990இன் இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் சான்றிதழ்களை முழுதாக இழந்த குடும்பங்கள் இந்தக் கரையோரம் நெடுகிலும் உண்டு. அவர்களுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று சொல்வது நியாயமாகாது. அதே அணியில் ஆடிய இருவரின் எழுத்துமூல உறுதியோடு ஒரு பத்திரிகைச் செய்தியோ புகைப்படமோ இருந்தால் போதும் என்று தெரிவுக்குழு வைத்த விதிக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். தம் உறவினரின் பெயர் வந்தபோதெல்லாம் எழுந்து வெளியே போன குழு உறுப்பினர்களுக்கும் நன்றி.

புகைப்படங்களைக் காப்பாற்றித் தந்த செங்கலடி, கல்முனை ஸ்டூடியோக்காரர்களுக்கு அடுத்த நன்றி. ஈரக்காற்றில் பழைய படம் சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். படத்தின் மேலுள்ள ஜெலற்றின் பூச்சு ஈரத்தில் இளகிப் பின் காய்வதே காரணம். உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் பண்ண வேண்டும். அதற்கும் மெலிந்த, விலை குறைந்த ஸ்கேனர் சரிவராது. அதன் பார்வை ஸ்கேனரின் கண்ணாடி மேற்பரப்போடு நின்றுவிடுவதால் படம் மங்கும். சற்று உள்ளே இருப்பதையும் தெளிவாகப் பிடிக்கும் சீசீடீ (CCD) வகை ஸ்கேனரே வேண்டும். 35 × 45 மில்லிமீற்றர் பாஸ்போர்ட் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளியில் எடுத்தால் மூன்றரை அங்குல உயரத்துக்குத்தான் தெளிவாக அச்சாகும். 10 அங்குலத்துக்கு 1,800 தேவை. அணிப் படத்தில் நகமளவு இருக்கும் முகத்தை எவ்வளவு இழுத்தாலும் பெரிதாக்க முடியாது. அத்தகையோருக்கு முழு அணிப் படத்தையே வைத்து, அவர் நிற்கும் இடத்தைக் குறித்தோம். வெளிநாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்கள், சொன்னபடி ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பியது பெரிய உதவி. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி வரும்.

பலகை செய்த பட்டறையினர் எங்களுக்குக் கற்பித்ததும் நிறைய. கடற்காற்றில் பித்தளை சீக்கிரம் கறுக்கும். 304 தரத் துருவிலி இரும்பிலும் தேநீர் நிறக் கறை படியும். 316 தரத்தில் மொலிப்டினம் என்ற உலோகம் 2 முதல் 3 வீதம் இருப்பதால் உப்பைத் தாங்கும். திருகாணியும் அதே தரத்தில் வேண்டும். சாதாரண இரும்பாணி போட்டால் துரு வழிந்து பெயரின் மேல் கோடு விழும். சுவரோடு ஒட்டாமல் 12 மில்லிமீற்றர் இடைவெளி விட்டுப் பூட்டியிருக்கிறார்கள். மாரி மழைக்குச் சுவர் ஈரமானாலும் பின்புறம் காற்றோடும். பசையிட்டு ஒட்டாமல் திருகியதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பெறுபேறுகள் பிந்தியும் திருத்தப்படலாம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் சுசந்திகா ஜயசிங்க பெற்ற வெண்கலம், முதலிடத்தவரின் பதக்கம் பறிக்கப்பட்ட பிறகு வெள்ளியானதை நாடே அறியும்.

எழுத்துப் பொறித்த தம்பிமாருக்கும் நன்றி. வந்த கோப்புகளிற் பாதி பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பெயர் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். யுனிகோட்டுக்கு மாற்றி, வாசித்துச் சரிபார்த்து, எழுத்தைக் கோட்டுருவாக்கிய பிறகே இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள். சிறிய எழுத்தில் ண, ன சுழிகளை மை நிரப்பிவிடும் என்பதால் மெல்லிய எழுத்துருவையும் அவர்களே தேர்ந்தார்கள்.

விழா நாளில் முழங்கால் நோவுள்ள மூத்தவர்கள் எவர் கையையும் பிடிக்காமல் மேடையேறினார்கள். 60 சென்ரிமீற்றர் மேடைக்கு 7.2 மீற்றர் நீளச் சாய்தளம், அதாவது 1க்கு 12 என்ற கணக்கில், அமைத்த தச்சர்களாலேயே அது முடிந்தது. மறைந்தவர்களுக்கான விருதை யார் வாங்குவது என்று குடும்பத்தோடு முன்னமே பேசி முடித்த அக்காமார், மஃரிப் தொழுகைக்கு இடைவேளை விட்டு நிகழ்ச்சியை ஒழுங்கு செய்தவர்கள், மின்பிறப்பாக்கி தந்தவர், காத்தான்குடியிலிருந்து சாப்பாடும் ஊர்த் தயிரும் கொண்டு வந்தவர்கள், எல்லோருக்கும் எங்கள் நன்றி.

இரவலாகத் தந்த மூலப் படங்களும் கொப்பிகளும் பெயரிட்ட உறைகளில், ஸ்கேன் பிரதியோடு, உடற்கல்விப் பிரிவில் இருக்கின்றன. எடுக்க வரும்போது நாங்கள் தந்த பற்றுச்சீட்டைக் கொண்டு வாருங்கள். வலைப்பந்து, எல்லே அணிகளின் சில படங்களில் பின்வரிசையினரின் பெயர் இன்னும் தெரியவில்லை. அந்த அணிகளில் ஆடியவர்களோ அவர்களை அறிந்தவர்களோ வந்து பார்த்து, பெயரைப் பென்சிலால் தனித் தாளில் எழுதித் தாருங்கள். படத்தின் பின்னால் பேனையால் எழுத வேண்டாம். மை முன்பக்கம் ஊறிவிடும்.

இங்ஙனம்,
புகழ் மண்டப ஏற்பாட்டுக் குழுவினர்,
மட்டக்களப்பு.