கொடிமரத்துக்கு இந்தப் பக்கம்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். அடுத்து தான் பேச வேண்டும் என்று உங்கம்மா கையை நீட்டிக்கொண்டே நின்றாள், கொடுத்துவிட்டேன். நீ கேட்டதும் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற விஷயமாக எனக்குப் படவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"என்கூட வர்றவ ஜெர்மன்காரிப்பா. சேலையைக் கட்டிவிட்டு, நெத்தியில ஒரு பொட்டை வச்சு, இந்துன்னு சொல்லி மதுரை மீனாட்சியம்மன் சன்னதிக்குள்ள கூட்டிட்டுப் போயிரலாமா? யாருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டாய்.

வேண்டாம் தாயி.

நீ ஆசையில்தான் கேட்டாய், எனக்குத் தெரியும். அவ்வளவு தூரம் தாண்டி வருகிறவளை வாசலிலேயே நிறுத்திவிட்டு நாம் மட்டும் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வருவது யாருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். இந்துக்கள் அல்லாதவர்கள் இதற்கு மேல் போகக் கூடாது என்ற அந்தப் பலகையைப் பார்க்கும்போது எனக்கும் மனசு ஒரு மாதிரி ஆகும். ஏன் என்று உனக்கு நான் முழுசாகச் சொன்னதில்லை.

என் தாத்தா, உனக்குப் பூட்டன், கீழமாசி வீதியில் மூட்டை தூக்கினார். தினமும் தெற்குக் கோபுரத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போவார். நூற்று எழுபது அடி உயரக் கோபுரம் அது, எங்கே நின்றாலும் கண்ணில் படும். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வீதியில் நின்றபடியே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். உள்ளே போகக் கூடாது. இத்தனைக்கும் அவர் இந்துதான். சாதி என்று ஒன்று இருந்ததே, அதுதான் அவரை நிறுத்தி வைத்திருந்தது. அம்மனை அவர் பார்த்ததெல்லாம் சித்திரைத் திருவிழாவில் அவள் மாசி வீதிக்கு வரும்போதுதான்.

1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத ஐயர், அப்படி உள்ளே விடாத சாதிகளில் பிறந்த கக்கனையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தார். உன் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக இது வந்திருக்கும். அதற்கு முன் மதுரைக்கு வந்தும் கோயிலுக்குள் காலெடுத்து வைக்காத காந்தி, 1946இல்தான் உள்ளே போய்க் கும்பிட்டார். தாத்தா அதற்கு முன்பே உள்ளே போய்வந்துவிட்டார். ஐயர் நுழைந்து சில வாரம் கழித்து, பாட்டியோடு. அதை அவர் எனக்குச் சொன்னபோது எனக்கு எட்டு வயசு இருக்கும். உள்ளே நுழைந்ததும் அவருக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லையாம். நாற்பது வயசு மனுஷன், பிறந்து வளர்ந்தது எல்லாம் அந்தக் கோயிலைச் சுற்றியே. பூ விற்ற ஒரு அம்மாவிடம், "ஆத்தா, சாமி எந்தப் பக்கம்?" என்று கேட்டாராம். அந்த அம்மா பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் கூடவே வந்து வழி காட்டியதாம். "கல்லு அப்படிக் குளுந்து கிடந்துச்சுடா" என்பார். அம்மனைப் பற்றிக் கேட்டால் சொல்ல மாட்டார். காலடிக் கல்லைப் பற்றித்தான் சொல்வார்.

இதை எதற்கு இப்போது எழுதுகிறேன் என்றால், அவர்கள் ஒளிந்து போகவில்லை. ஊரறியப் போனார்கள். வேறு ஆள் மாதிரி வேஷம் போட்டு, பொய்ப் பெயர் சொல்லி எவராவது அதற்கு முன்பே கூட்டத்தோடு நுழைந்திருக்கலாம். நுழைந்தும் இருப்பார்கள். அதனால் என் தாத்தாவுக்குக் கதவு திறக்கவில்லை. அந்தப் பலகை தப்பு என்று உனக்குத் தோன்றினால் தப்பு என்று வெளிப்படையாகச் சொல், எழுது, நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பொய் சொல்ல வைக்காதே. யாராவது கேட்டுவிடுவார்களோ என்று திக்திக்கென்று நிற்பவள் எப்படித் தாயி அம்மனைப் பார்ப்பாள்?

சரி. அந்தப் பலகை தடுக்காத, கொடிமரத்துக்கு இந்தப் பக்கத்தைப் பார்க்கவே ஒரு நாள் போதாது. போன தடவை ஆபீஸ் ஆட்களைக் கூட்டிவந்து ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பரோட்டா கடைக்கு ஓடினாயே, அப்படி இந்தத் தடவை வேண்டாம். காலையில் ஆறு மணிக்கே போய்விடுவோம். பகல் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள், அந்த நேரத்தில் கல்தரையில் கால் வைக்கவும் முடியாது. செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வாசலில் வாங்கி வைக்க இடம் இருக்கிறது, ஆனால் திரும்ப வாங்க வரிசையில் நிற்க வேண்டும். படம் எடுக்க முடியாதா என்று அந்தப் பிள்ளை வருத்தப்பட்டால் 2018 பிப்ரவரி 2ஆம் தேதி ராத்திரியைப் பற்றிச் சொல். வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் தீப்பிடித்து எரிந்தபோது நாங்கள் கீழச் சித்திரை வீதியில் ஒன்றும் செய்ய முடியாமல் நின்றோம். கல் வெடிக்கிற சத்தம் இன்னமும் என் காதில் இருக்கிறது. அதற்கு அப்புறம்தான் செல்போனையும் தடை செய்தார்கள், கோயிலுக்குள் இருந்த கடைகளையும் வெளியே எடுத்தார்கள்.

அஷ்டசக்தி மண்டபம் வழியாகத்தான் நுழைய வேண்டும். மதுரையில் முதலில் அம்மன், அப்புறம்தான் சொக்கர். ஏன் என்று கேட்பாள். சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் நடக்கிறது, ஆவணி மூலத்தில் சொக்கருக்கு நடக்கிறது, வருஷத்தில் நாலு மாசம் இந்த ஊரை ஆள்கிறவள் அவள் என்று சொல். ஒரு ராணியின் வீட்டுக்குப் போகிறோம் என்பது அவளுக்குப் புரிந்தால் போதும், மற்ற நடைமுறை தானாக வந்துவிடும்.

பொற்றாமரைக் குளத்துக்கு வந்ததும் உட்காருங்கள். படியில் எந்த இடத்தில் உட்கார்ந்தால் தெற்குக் கோபுரம் முழுசாகத் தெரியும், தங்க விமானம் எங்கிருந்து தெரியும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. எழுந்திரிக்க அவசரப்படாதீர்கள். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருக்கிற கிராமத்து ஆட்கள் நிறையப் பேர் இருப்பார்கள். விடியுமுன் பஸ் ஏறி வந்தவர்கள். அவர்களை வேடிக்கை பார்க்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

அங்கேதான் நான் ஒரு முடிவு பண்ணியிருக்கிறேன். நீயும் உங்கம்மாவும் வரிசையில் போய் அம்மனைப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் அந்தப் பிள்ளையோடு படியில் இருக்கிறேன். எனக்கு ஜெர்மன் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது, பரவாயில்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் இருப்பேன். நீ ஓடி வராதே, நிதானமாகக் கும்பிட்டுவிட்டு வா. வரும்போது குங்குமம் கொண்டுவா, ஆனால் வைத்துக்கொள்கிறாயா என்று அவளைக் கேட்டுவிட்டு வை. பூவும் அப்படித்தான். ரெண்டு முழம் மல்லிகை வாங்கி உடனே தலையில் சொருகிவிடாதே, கையில் கொடு. அவளே வாசம் பிடித்துப் பார்த்து முடிவு செய்யட்டும்.

குங்குமம் என்றதும் ஞாபகம் வருகிறது. மிச்சத்தைத் தூணில் கொட்டிவிட்டுப் போகிற பழக்கம் நம் ஆட்களுக்கு விடவே மாட்டேன் என்கிறது. சிற்பத்தின் மடிப்பில் போய் எண்ணெயோடு சேர்ந்து இறுகிக்கொண்டால் அதைச் சுரண்டி எடுக்க முடியாது. ஒரு துண்டுப் பேப்பரில் மடித்து இடுப்பில் சொருகிக்கொள்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருஷம் புதுமண்டபத்தில் மிஷின் போட்டுத் தைத்தவன். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். சாமிக்குத் தொங்கவிடுகிற துணித் தொம்பை, சித்திரை மாசத்தில் அழகருக்கு வேஷம் கட்டுகிறவர்கள் இடுப்பில் போடுகிற சல்லடம் எல்லாம் அங்கே உட்கார்ந்துதான் தைத்தோம். நாயக்கரும் அவருடைய முன்னோரும் கைகூப்பி நிற்கிற தூண்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. நாங்கள் என்ன செய்தோம்? அந்தக் கூப்பிய கையில் கயிறு கட்டித் துணியைத் தொங்கவிட்டோம். என் மிஷினுக்குப் பின்னால் இருந்த தூணில் இஞ்சி டேப்பை மாட்டுவதற்கு, யாளியின் பல்லுக்கு இடையில் நானே ஒரு ஆணியைச் சொருகினேன். ஒரு சில்லு பெயர்ந்தது, அரிசி அளவுதான் இருக்கும். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிச் சாமான்களை எடுத்த அன்றைக்குத்தான் அந்த மண்டபத்தை முழுசாகப் பார்த்தேன். அவ்வளவு வருஷம் அதற்குள் உட்கார்ந்திருந்தும் பார்க்கவில்லை. பிழைப்பு போகிறதே என்கிற கவலை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்த அரிசி அளவுச் சில்லு. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் அந்தத் தூணைத் தேடாமல் வர மாட்டேன். அதனால்தான் சிலையைத் தொடாதீர்கள், சாயாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கம்பத்தடி மண்டபத்தில் திருக்கல்யாணச் சிற்பம் இருக்கிறது. நடுவில் மீனாட்சி தலைகுனிந்து நிற்கிறாள், அண்ணன் பெருமாள் அவள் கையைப் பிடித்துச் சொக்கரிடம் கொடுக்கிறார். எல்லோரும் பெண்ணின் வெட்கத்தைத்தான் காட்டுவார்கள். உன் கல்யாணம் முடிந்ததிலிருந்து எனக்கு அந்த அண்ணன் முகத்தைவிட்டுக் கண் நகர்வதில்லை. அவளுக்கு அதையும் காட்டு. எதிரில் ஊர்த்துவ தாண்டவமும் காளியும் இருப்பார்கள், முக்குறுணிப் பிள்ளையாரையும் பார்த்துவிடுவாள். பிள்ளையார் சதுர்த்திக்குப் பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்து படைப்பார்கள் என்றால் நம்ப மாட்டாள், நானும் சின்ன வயசில் நம்பவில்லை. ஆயிரங்கால் மண்டபத்தில் தூண் 985தான். எண்ணிப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிடுவாள், விட்டுவிடு.

அவளுக்கு நீ கட்டாயம் சொல்ல வேண்டிய ஒரு ஆள் உண்டு. ரோஸ் பீட்டர் என்று ஒரு வெள்ளைக்காரர், 1812லிருந்து 1828 வரை இங்கே கலெக்டர். மதுரைக்காரர்கள் அவரைப் பீட்டர் பாண்டியன் என்றார்கள். மழை கொட்டிய ஒரு ராத்திரியில் ஒரு சின்னப் பெண் வந்து அவரை எழுப்பி வெளியே கூட்டிப்போனதாகவும், அவர் வெளியே வந்ததும் பங்களா இடிந்து விழுந்ததாகவும் சொல்வார்கள். வந்தது மீனாட்சிதான் என்று அவர் நம்பினாராம். அம்மன் குதிரை வாகனத்தில் வரும்போது கால் வைக்க, கல் பதித்த தங்க அங்கவடி செய்து கொடுத்தார். அது இன்றைக்கும் கோயிலில் இருக்கிறது, சித்திரைத் திருவிழாவில் போடுகிறார்கள். ஊரையே ஆண்டவர், ஒரு உத்தரவு போட்டு உள்ளே நுழைந்திருக்கலாம். அவர் கொடுத்தது, அவள் வீதிக்கு வரும்போது போட்டுக்கொள்கிற பொருள். என் தாத்தாவும் மாசி வீதியில் நின்று அந்த அங்கவடியைத்தான் பார்த்திருக்கிறார்.

ராத்திரி திரும்ப ஒரு தடவை போவோம். பள்ளியறைப் பூஜைக்குச் சொக்கரைப் பல்லக்கில் அம்மன் சன்னதிக்குக் கொண்டுபோவார்கள். நாதஸ்வரமும் சாம்பிராணிப் புகையுமாக வருகிற அதைப் பிராகாரத்தில் ஒதுங்கி நின்று அவளும் பார்க்கலாம். குறுக்கே போகக் கூடாது, முந்தக் கூடாது, பல்லக்கு கடக்கிறவரை பேசக் கூடாது. கும்பிடத் தோன்றினால் கும்பிடட்டும், இல்லையென்றால் சும்மா நிற்கட்டும். நீ சொல்லிக் கொடுத்துச் செய்ய வைக்காதே.

உடுப்பு விஷயம். அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன் எல்லாம் உள்ளே விட மாட்டார்கள், அதற்காக அவளுக்குச் சேலையைச் சுற்றித் தடுக்கி விழவைக்கவும் வேண்டாம். வீட்டில் மிஷின் சும்மாதான் கிடக்கிறது. சுங்குடியில் ஒரு முழுப்பாவாடையும் முழங்கை வரை ஒரு சட்டையும் தைத்து வைக்கிறேன். அவளுடைய உயரம், இடுப்பு, தோள் அளவு மூன்றையும் வாட்ஸாப்பில் அனுப்பு. அங்குலமா சென்டிமீட்டரா என்று மறக்காமல் போடு. உங்கம்மா பச்சை எடுக்கச் சொல்கிறாள், மீனாட்சி நிறமாம். அவளுக்குப் பச்சை பிடிக்குமா என்று கேட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா