பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள், அப்பா

வூச், போலந்து
17-1-2026, தை 3

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பருப்புப்பொடிப் பொட்டலத்துக்கு அடியில் கிடந்தது. பில் புத்தகத் தாளின் பின்பக்கம் எழுதியிருந்ததால் ஏதோ பழைய சலான் என்று குப்பையில் போடப் போனேன். உங்கள் கையெழுத்து கண்ணில் பட்டதும் நின்றுவிட்டேன். தீபாவளிக்கு எழுதுகிறேன் என்று சொன்னவன் பட்டிப்பொங்கலும் முடிந்து எழுதுகிறேன். திட்டுவதானால் அம்மாவை விட்டுத் திட்டச் சொல்லுங்கள். போனில் நாம் பேசுவதெல்லாம் "சாப்பிட்டியா", "ஆச்சுங்கப்பா", "சரி, வெச்சர்றேன்" அவ்வளவுதானே. தோட்டத்துப் பத்திரத்தை அடகு வைத்து டி-ஷர்ட் பிரிண்டிங் மிஷின் வாங்கப் போவதாக எழுதியிருந்தீர்களே, அந்தச் சமாச்சாரம் அதற்குள் அடங்காது.

முதலில் அம்மாவுக்காகக் குளிர். இன்று காலை மைனஸ் ஒன்பது. மூச்சு இழுத்தால் மூக்கு முடி குச்சி மாதிரி விறைக்கிறது. மின்கம்பியிலும் வேலியிலும் பனி ஒட்டிக்கொண்டு, ஊர் முழுக்க யாரோ பூளைப்பூ வைத்துக் காப்புக் கட்டியது போல இருக்கிறது. ஸ்வெட்டர் இரண்டு, அதன் மேல் ஒரு கோட்டு போட்டுக்கொள்கிறேன், பயப்பட வேண்டாம்.

இந்த ஊர்ப் பெயருக்குப் படகு என்று அர்த்தம். ஆனால் தேடினாலும் ஆறு கண்ணில் படாது. நம் திருப்பூர்ப் பக்கம் போலவே இதுவும் துணியால் பிழைத்த ஊர். பஞ்சாலைகளும் சாயப்பட்டறைகளும் பெருகி, ஆறெல்லாம் சாக்கடையாகி, கடைசியில் மேலே மூடி போட்டுத் தரைக்கடியில் விட்டுவிட்டார்கள். 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிக் கோர்ட் உத்தரவு வந்தபோது நீங்கள் மூன்று மாதம் திண்ணையில் உட்கார்ந்திருந்தீர்களே, அது நினைவுக்கு வந்தது. நம்மூரில் பட்டறையை மூடினார்கள், இங்கே ஆற்றையே மூடிவிட்டார்கள். பொஸ்னான்ஸ்கி என்ற முதலாளியின் செங்கல் பஞ்சாலை 2006இலிருந்து கடைவீதியாக இருக்கிறது. தறி ஓடிய இடத்தில் சினிமா ஓடுகிறது.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. காஷா என்று ஒரு தானியம், வேகவைத்தால் கம்பஞ்சோறு மாதிரியே உதிரியாக இருக்கும். அதில் கெஃபிர் என்கிற புளித்த பாலை ஊற்றிச் சின்ன வெங்காயம் இல்லாமல் சாப்பிடுகிறேன். சின்ன வெங்காயம் கிடைக்கும், விலையைக் கேட்டால் நீங்கள் சண்டைக்கு வருவீர்கள். மாவைப் புளிக்கவைத்து ஷூரெக் என்று ஒரு சூப் வைக்கிறார்கள். முதல் வாயில் அமுச்சி ஊற்றிக் கொடுக்கும் கூழ், அடுத்த வாயில் முட்டையும் பன்றி இறைச்சியும் வந்து நிற்கும். அரிசியும் பருப்புஞ்சோறு வாரம் நான்கு நாள் செய்துவிடுகிறேன். அதில் வெண்ணெய்தான் ஊத்துக்குளி வெண்ணெய் இல்லை.

ரூமில் இருந்த இரண்டு பேரும் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது நான் மட்டும்தான், இடம் தாராளம். சனி ஞாயிறு பொழுது போகாமல் ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் வருகிறேன். வெங்காயம் உரிப்பதில் கை நன்றாகத் தேறிவிட்டது.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குல்லா இல்லாமல் படியிறங்கினால் கதவைத் திறந்து கத்துகிறாள். எனக்குப் பாஷை பாதிதான் புரியும், ஆனால் திட்டு எந்தப் பாஷையிலும் புரிகிறது. அவள் நூல் மில்லில் 26 வருஷம் இருந்தவள். தொண்ணூறுகளில் மில்கள் மூடியபோது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். நான் டி-ஷர்ட்டுக்குப் படம் ஒட்டுகிறேன் என்றதும் என் சட்டைக் காலரைப் பிடித்துத் திருப்பி, தையலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நம் செக்கிங் அக்கா தோற்றாள்.

சரி, மிஷின். ‘படத்தைப் போட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்’ என்று அந்த விற்பனைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நான் இங்கே செய்வதே அந்த ‘மீதி’தான், அப்பா.

அந்த மிஷின் செய்யும் டிடிஎஃப், அதாவது ஃபிலிமில் அடித்துத் துணிக்கு மாற்றும் பிரிண்டிங், உங்களுக்குப் புதிதில்லை. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் கறுப்புத் துணியில் வெள்ளை பேஸ் அடித்து அதன் மேல் கலர் போடுவீர்களே, அதைத் தலைகீழாகச் செய்வதுதான் இது. 60 சென்டிமீட்டர் அகல ஃபிலிமில் கண்ணாடி பார்த்தது போலத் திருப்பிக் கலரை அடித்து, அதன் மேல் வெள்ளை மை. ஈரம் காயுமுன் பசைப்பொடி தூவி உருக்குகிறார்கள். பிறகு 160 டிகிரிக்குப் பக்கத்தில் பத்துப் பதினைந்து வினாடி துணியில் அழுத்தி ஃபிலிமை உரித்தால் ஆயிற்று. ஸ்கிரீன் கிடையாது. ஒரே ஒரு பீஸ் என்றாலும் எத்தனை கலர் வேண்டுமானாலும் போடலாம். அதுதான் இதன் பலம். ஆனால் 500 பீஸ், இரண்டு கலர் என்றால் இன்றைக்கும் உங்கள் டேபிள்தான் ஜெயிக்கும்.

கஷ்டமெல்லாம் படத்தில்தான். வாடிக்கையாளர் போனில் சுற்றிச் சுற்றி வந்த படத்தை அனுப்புவார். 11 அங்குல அகலத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 3,300 புள்ளி வேண்டும். வந்த படத்தில் 700 இருக்கும். பின்னணியை எடுக்கவேண்டும், ஓரம் வெட்டவேண்டும், அளவு வைக்கவேண்டும், ஃபிலிம் வீணாகாமல் பக்கத்துப் படத்தோடு நெருக்கி அடுக்கவேண்டும். ஒரு படத்துக்கு ஏழெட்டு நிமிஷம் ஆகும். ராத்திரி 50 ஆர்டர் வந்தால் விடிந்துவிடும். அதனால் பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதி, இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளைக் கூட்டுச் சேர்த்தேன். ஃபோல்டரில் படம் விழுந்தால் தானாகவே எடுத்துச் சுத்தம் செய்து, ஆர்டர் நம்பர் போட்டு, வரிசையாக அடுக்கிவைக்கும். வெள்ளையை மட்டும் சுற்றிலும் இரண்டு புள்ளி உள்ளே இழுக்கும். அது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் என்றால் நம்புவீர்களா? பேஸை மயிரிழை சின்னதாக வை, இல்லாவிட்டால் ஓரத்தில் பல் இளிக்கும் என்று என் மண்டையில் தட்டிச் சொன்னீர்களே, அதேதான். இங்கே எல்லோரும் என்னைப் புத்திசாலி என்கிறார்கள், நானும் மறுக்கவில்லை.

நவம்பரில் ஒரு கூத்து நடந்தது. ஒரு பாட்டியின் 80ஆம் பிறந்தநாளுக்கு அவர் படம் போட்டு 24 கறுப்பு டி-ஷர்ட். பின்னணியை எடுக்கும் கட்டம் அவருடைய நரைமுடியைப் பாதி தெரிவதும் பாதி தெரியாததுமாக ஆக்கிவிட்டது. அரைகுறைப் புள்ளிகளை அப்படியே விட்டால் அடியில் வெள்ளை அடித்துப் பால் சிந்தியது போல ஓரம் கட்டும், துளித்துளியான புள்ளியில் பசையும் பிடிக்காது. அதனால் பாதிக்கு மேல் தெரிந்தால் முழுசாக்கு, குறைந்தால் அழித்துவிடு என்று அடுத்த கட்டத்துக்கு நான்தான் விதி வைத்திருந்தேன். இரண்டு கட்டமும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தன. பாட்டிக்குத்தான் மொட்டை. உரித்துப் பார்த்த பையன் மும்முரத்தில் கவனிக்கவில்லை, பெட்டி போய்விட்டது. 24 பீஸும் திரும்பி வந்தன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதம் பணம் தாமதமாக வந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது பேங்க் கோளாறு.

இப்போது ஓரத்தில் அரைகுறைப் புள்ளி அதிகம் இருந்தாலோ, படம் அளவுக்கு மீறிச் சின்னதாக இருந்தாலோ, அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய கோடு இருந்தாலோ நிரல் தானாக முடிவெடுக்காது. தனி ஃபோல்டரில் ஒதுக்கிவைக்கும். அந்த ஃபோல்டருக்கு ‘அப்பா’ என்று பெயர் வைத்திருக்கிறேன். இன்றைக்கு அப்பாவில் எத்தனை இருக்கிறது என்று இங்குள்ள பையன்கள் கேட்கும்போது சிரிப்பு வரும். பத்துக்கு இரண்டு மூன்று அங்கேதான் போகிறது. அதைக் கண்ணால்தான் பார்க்கவேண்டும்.

கீழ்வீட்டுப் பாட்டி சொன்ன வைத்தியத்தை எழுத மறந்துவிட்டேன். இந்தக் குளிரில் ஹீட்டர் போட்டால் காற்று காய்ந்துபோகிறது. ஷாப்பில் ஈரப்பதம் 28 சதவீதம். ஃபிலிமில் மின்சாரம் ஏறி, மை இல்லாத இடத்திலெல்லாம் பொடி ஒட்டி, கறுப்புத் துணியில் பொடுகு மாதிரி தெரிந்தது. படத்தில்தான் தவறு என்று இரண்டு ராத்திரி நிரலைக் குடைந்தேன். பாட்டியிடம் கையைக் காலை ஆட்டிச் சொன்னபோது நேரே குளியலறைக்குப் போய் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து என் தோளில் போட்டாள். மில்லில் காற்று காய்ந்தால் நூல் அறுமாம், ஈரம் விடுவார்களாம். மிஷினுக்குப் பக்கத்தில் மூன்று துண்டு தொங்கவிட்டேன், பாதிக்கு மேல் குறைந்தது. அப்புறம்தான் முதலாளி ஈரப்பதக் கருவி வாங்கினார். நம்மூரில் கோடையில் ஷெட்டுக்குள் இதே தொல்லை வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று அக்கா வீடியோவில் பட்டியைக் காட்டினாள். மயிலையின் கொம்புக்கு யார் நீலம் அடித்தது? எப்போதும் நான்தானே அடிப்பேன், பச்சை. தெப்பத்தைச் சுற்றி எல்லோரும் கத்துவது கேட்டது. ராத்திரி ஷிஃப்ட்டுக்குக் கிளம்பவேண்டிய நேரம். நெட் சரியில்லை என்று போனை வைத்தேனே, நெட் நன்றாகத்தான் இருந்தது. பாட்டி வாசலில் குல்லாவை நீட்டிக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்குக் கத்தவில்லை.

அது போகட்டும். ஆகஸ்ட் 27இலிருந்து அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதில் கம்பெனிகள் ஆர்டரைக் குறைத்துவிட்டன, டேபிள் பாதி சும்மா கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத் தோட்டத்துப் பத்திரத்தை அடகு வைத்து எட்டு லட்சத்துக்கு மிஷின் வாங்க வேண்டாம். அதன் வெள்ளை மை தினமும் ஓடவேண்டும். நாலு நாள் சும்மா விட்டால் வெள்ளை அடியில் தங்கி, மை தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், ஹெட்டுக்கு ஆகும் செலவில் ஒரு கறவை மாடு வாங்கலாம். நமக்கு வருவது கபடி டீமும் கோயில் நோம்பி டி-ஷர்ட்டும்தான், அதுவும் மாசி முதல் வைகாசி வரை.

இப்படிச் செய்யுங்கள். ஃபிலிமை மீட்டர் கணக்கில் அடித்துக் கொடுக்கிறவர்கள் திருப்பூரிலேயே இருக்கிறார்கள். துணியில் சூடாக அழுத்தும் ஃப்யூசிங் மிஷின் நம்மிடம் இருக்கிறது, அதன் சூடு சரியாக ஏறுகிறதா என்று மட்டும் எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்டர் படங்களைச் சாயங்காலம் எனக்கு அனுப்புங்கள். இங்கே நாலரை மணி நேரம் பின்னால். நான் வேலைக்குப் போகுமுன் நிரலில் போட்டால் உங்களுக்கு விடியும்போது ஃபைல் தயாராக இருக்கும். சந்தேகமானதை உங்களுக்கே திருப்பி அனுப்புவேன், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். ஆறு மாதம் ஓட்டிப் பார்த்து, மீட்டர் கணக்கு மிஷின் தவணையைத் தாண்டினால் அப்போது பேசலாம்.

பாப்பாவுக்குக் காதுகுத்தை மாசியில் வைக்க வேண்டாம், லீவு கிடைக்காது. ஆவணியில் வைத்தால் டிக்கெட்டும் கொஞ்சம் இறங்கும். மேட்டுத்தோட்டத்து மாமா மகன் மடியில் உட்காரவைத்துக் குத்திவிடலாம் என்று அம்மா சொன்னதாக அக்கா சொன்னாள். அவன் மடியில் வேண்டாம், நான் வருகிறேன். சீருக்கு உண்டானதை நானே பார்த்துக்கொள்கிறேன், மச்சானிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

பத்திரம் பீரோவில் இருக்கிறதா, இல்லை ஏற்கெனவே வெளியே போய்விட்டதா? இதை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள். குட்டைக்கு அத்திக்கடவுத் தண்ணீர் வந்ததா என்றும் எழுதுங்கள். மயிலை ஈன்றால் காளையா கிடாரியா என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள், கடிதம் வரும்வரை பொறுக்க முடியாது.

இப்படிக்கு
உங்கள் சின்னவன்