எலுமிச்சைக் கன்றை இனி வயல் மண்ணில் தரமாட்டோம், ஏன் என்று கேட்பவர்களுக்கு

எங்கள் நாற்றுப்பண்ணையில் கன்று வாங்கும் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த ஆடியிலிருந்து எலுமிச்சை, நாரத்தை, கிடாரங்காய் எதையும் வயல் மண் அடைத்த பையில் தரப்போவதில்லை. தென்னைநார்க் கழிவு, மணல், மட்கிய எரு மூன்றையும் கலந்து, ஈரப்படுத்தி, சித்திரை வைகாசி வெயிலில் கண்ணாடி மாதிரி தெரியும் பாலித்தீன் தாளால் மூடி, நாலு முதல் ஆறு வாரம் காயவிட்ட கலவையில்தான் இனி கன்று வளரும். பையும் தரையில் இருக்காது, மேடையில்தான் இருக்கும். இதனால் விலை கொஞ்சம் கூடுகிறது. "அதே கன்றுதானே, மண்ணுக்கு எதுக்குங்க காசு" என்று பலர் கேட்டுவிட்டீர்கள், அதனால்தான் இந்த மடல்.

காரணம் எலுமிச்சை நூற்புழு, அதாவது மண்ணில் இருந்துகொண்டு வேரைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத நூல் போன்ற பொடிப் புழு. 1912இல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்து, அடுத்த வருஷமே கோப் என்ற ஆய்வாளர் டைலென்குலஸ் செமிபெனட்ரன்ஸ் என்று பெயர் வைத்தார். பெண் புழு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தலைப்பக்கத்தைச் சல்லிவேருக்குள் புதைத்துக்கொண்டு, பின்பாதியை வெளியே விட்டு, பசை போன்ற கூழில் முட்டையிடும். அந்தக் கூழில் மண் ஒட்டிக்கொள்வதால் வேரை எத்தனை தடவை அலசினாலும் அழுக்காகவே தெரியும், தொட்டால் சொரசொரவென்று இருக்கும். மரம் ஒன்றும் உடனே பட்டுப்போகாது. இலை சிறுத்து மஞ்சளாகும், உச்சிக் கிளை ஒவ்வொன்றாகக் காயும், காய் பொடிசாகும், நாமும் துத்தநாகக் குறை, தண்ணீர்க் குறை என்று வருஷக்கணக்கில் உரம் வைத்துக்கொண்டே இருப்போம். துத்தநாகக் குறையும் நம் மண்ணில் உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மருந்துக் கடைக்குப் போகும் முன் ஒரு பிடி வேரைத் தோண்டிப் பாருங்கள்.

இந்தப் புழு எல்லாப் பயிரிலும் வராது. எலுமிச்சை இனம், திராட்சை, ஆலிவ் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். நெல்லிலோ வாழையிலோ தென்னையிலோ பிழைக்காது. தானாக ஊர்ந்து போகிற தூரமும் வருஷத்துக்குச் சில அடிதான். அப்படியானால் தலைமுறையாக நெல்லும் உளுந்தும் மட்டும் கண்ட உங்கள் திடலுக்கு அது எப்படி வந்து சேரும்? கன்றோடு வரும் பை மண்ணில்தான், பெரும்பாலும். காவிரிப் படுகையில் எலுமிச்சை வைப்பவர்களுக்கு இப்படிப் புழு படாத மண் கிடைப்பது ஒரு பெரிய வாய்ப்பு, அதைக் கெடுத்துவிடக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை.

வாழையில் நிலைமை வேறு. வேரைப் பிளந்தால் செம்பழுப்புத் திட்டு தெரியும், தார் தள்ளிய நேரத்தில் காற்றடித்தால் மரம் வேரோடு சாயும். அது துளைப்பான் நூற்புழு, வேரைத் துளைத்து உள்ளே போகும் இன்னொரு வகை. ஆனால் வாழையை எடுத்துவிட்டு நெல் நட்டுத் தண்ணீர் கட்டினால் அந்தப் புழு நன்றாகவே குறையும். பக்கக்கன்றின் கிழங்கை வெள்ளையாகத் தெரியும்வரை சீவி நடலாம், திசு வளர்ப்புக் கன்றும் வாங்கலாம். எலுமிச்சையில் அப்படிப் பயிர் மாற்ற முடியாது. பல வருஷம் ஒரே இடத்தில் நிற்கப்போகும் மரம், நடும் நாளில் கவனிக்காததை அப்புறம் சரிசெய்வது மிகக் கடினம்.

ஃப்ளோரிடாவில் தோட்டம் தோட்டமாக ஆரஞ்சு மரங்கள் நலிந்தபோது, அதற்கும் இதே துளைப்பான் நூற்புழுதான் காரணம் என்று 1953இல் கண்டுபிடித்தார்கள். நோய்ப்பட்ட மரங்களைப் பிடுங்கி எரித்து மண்ணுக்கு மருந்து போட்டார்கள், கூடவே நாற்றுப்பண்ணைகளைச் சோதித்துச் சான்று தரும் முறையையும் கொண்டுவந்தார்கள். எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி விஷயம்தான்.

குருணை மருந்து கேட்டு வருபவர்களுக்கு: ஃபோரேட் என்ற குருணை மருந்து 2020 முடிவோடு தடை செய்யப்பட்டுவிட்டது, யாரிடமாவது பழைய மூட்டை இருந்தாலும் வாங்காதீர்கள். எங்களிடம் வேப்பம்புண்ணாக்கு, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா, புழுவின் முட்டையைத் தின்னும் பர்பியூரியோசிலியம் பூஞ்சை மூன்றும் உண்டு. இவை புழுவைக் குறைக்கும், ஒழிக்காது. செண்டுமல்லி ஊடுபயிர் கத்தரி, மிளகாய், வாழையில் வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கவைக்கும் வேர்முடிச்சுப் புழு என்ற வேறொரு நூற்புழுவை அடக்கும். எலுமிச்சைக்கு அதை மட்டும் நம்பவேண்டாம்.

ஏற்கெனவே மரம் நலிந்து நிற்கிறதா? கிளை பரவிய எல்லைக்குள் நாலைந்து இடத்தில், ஒரு சாண் ஆழத்திலிருந்து கொஞ்சம் மண்ணும் ஒரு பிடி சல்லிவேரும் எடுத்துப் பாலித்தீன் பையில் கட்டி, நிழலில் வைத்துக் கொண்டு வாருங்கள். உரச் சத்துப் பரிசோதனைக்குக் காயவைப்பது போல இதைக் காயவைக்கவே கூடாது. காய்ந்தால் புழு செத்துவிடும், ஆய்வகத்தில் பிரித்தெடுத்து எண்ண முடியாது. ஆய்வகத்துக்கு நாங்களே அனுப்பிவைக்கிறோம். முடிவு வரும்வரை அந்தத் திடலில் கொத்திய மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த கொல்லைக்கு எடுத்துப் போகாதீர்கள், அங்கிருந்து ஒரு பதியம்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவேண்டாம்.