ஒரு சாண் ஃபைபர்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொலைவிலுள்ள கடிகாரங்களைக் குவாண்டம் ஒளியால் ஒன்றுபோல் ஓடவைப்பது பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முப்பது வருடம் ஃபைபர் கேபிளுக்கு ஜாயின்ட் போட்டவன் நான். 'பிணைந்த ஃபோட்டான்கள் நேரத்தை அந்தக் கணமே மறுமுனைக்குச் சொல்லிவிடும்' என்ற வரியை மட்டும் ஏற்க முடியவில்லை. பிணைந்த ஃபோட்டான்கள் என்பவை ஒன்றோடொன்று இணைந்த தன்மை கொண்ட ஒளித்துகள் ஜோடிகள்; அந்தப் பிணைப்பின் வழியாக எந்தச் செய்தியும் போகாது. ஃபோட்டான் ஃபைபருக்குள் ஓடித்தான் ஆக வேண்டும். கிலோமீட்டருக்குச் சுமார் 5 மைக்ரோ விநாடி ஆகும்.

நடப்பது இதுதான். படிகம் ஒன்றில் லேசரைப் பாய்ச்சினால் ஃபோட்டான்கள் ஜோடி ஜோடியாக, ஏறக்குறைய ஒரே கணத்தில் பிறக்கின்றன. ஒன்று வந்த நேரத்தை இங்கே குறிக்கிறார்கள். ஃபைபரில் போன மற்றதன் நேரத்தை அங்கே குறிக்கிறார்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் கச்சிதமாகப் பொருந்தும். எவ்வளவு நகர்த்தினோமோ, அதில் கடிகார வித்தியாசமும் பயண நேரமும் கலந்திருக்கும். எதிர்முனையிலிருந்தும் இதையே செய்து, இரண்டையும் கழித்துப் பாதியாக்கினால் பயண நேரம் அடிபட்டுப்போகும். சீனாவில் 50 கிலோமீட்டர் ஃபைபரில் பிக்கோ விநாடிக் கணக்கில் (விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒன்று) இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் போகும் வழியும் வரும் வழியும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். தொலைபேசிக் கேபிளில் போக ஓர் இழை, வர ஓர் இழை. ஸ்பிளைஸ், அதாவது இரண்டு இழை நுனிகளை உருக்கி ஒட்டுவது, சரியாக விழாவிட்டால் நுனியை வெட்டிவிட்டு மறுபடி போடுவோம். ஒவ்வொரு தடவையும் சில சென்டிமீட்டர் போகும். ஒரு ஜாயின்ட் பெட்டிக்குள் சுருட்டி வைத்த இரண்டு இழைகள் ஒரே நீளத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு சாண் ஃபைபரைக் கடக்க ஒளிக்கு ஒரு நானோ விநாடிக்கு (ஆயிரம் பிக்கோ விநாடி) மேல் ஆகும். கணக்கில் அதில் பாதி, 500 பிக்கோ விநாடிக்கு மேல், பிழையாக ஏறிவிடும். இரு திசைக்கும் ஒரே இழையைப் பயன்படுத்துவது இதனால்தான். கட்டுரையில் இதைச் சொல்லவே இல்லை.

ஜாயின்டும் சுத்தமாக இருக்க வேண்டும். 50 கிலோமீட்டர் தாண்டுவதற்குள் பத்து ஃபோட்டானில் ஒன்றுதான் மிஞ்சும். வழக்கமான லைன் போல நடுவில் ஒளியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் வைத்துச் சமாளிக்கவும் முடியாது. குவாண்டம் இல்லாத வேலையிலேயே 2011-இல் என்ன ஆயிற்று? ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ ஆய்வகத்துக்குப் போன நியூட்ரினோ என்ற நுண்துகள் ஒளியை 60 நானோ விநாடி முந்திவிட்டதாக உலகமே பரபரத்தது. மறுவருடம் பார்த்தால், ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டுவந்த ஃபைபரின் கனெக்டர் சரியாக இறுகவில்லை.

இந்திய அரசின் தேசிய குவாண்டம் திட்டத்தில் தகவல்தொடர்புக்கான மையம் ஐஐடி மெட்ராஸில்தான் அமைந்திருக்கிறது. அங்குள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள்: சோதனைக்கு எடுக்கும் ஃபைபரின் ஜாயின்ட் பதிவேட்டை முதலில் கேட்டு வாங்குங்கள். பதிவேடு இல்லையென்றால், அந்த லைனில் வேலை பார்த்தவரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேபிள் ஜாயின்டர், திருச்சி.