பெட்டியில் போட்டிருக்கும் 7.1

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இதழில் வந்த ஹெட்போன் கட்டுரையை எனக்கு வாசித்துக் காட்டியது என் மகன். வழக்கமாகப் பேப்பர் பக்கமே வராதவன் அன்றைக்கு மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நிறுத்தி நிதானமாக வாசித்தான், விஷயம் எங்கே போகிறது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பாட்டு, கேம், படம் மூன்றுக்கும் '7.1 சரவுண்ட்' போட்ட வயர்லெஸ் கேமிங் ஹெட்செட் ஒன்று வாங்கிவிட்டால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். நான் இருபது வருடத்துக்கு மேலாக ரங்கூனில் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணம் காதுகுத்துக்கும் மைக் செட் கட்டுகிறவன். பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரையை நம்பி நாலு பேர் காசைத் தொலைத்துவிடுவார்களே என்றுதான் எழுதுகிறேன், நான் ஏற்கனவே தொலைத்தவன்.

போன வருடம் இதே பையன் நச்சரித்து, ஒன்றரை லட்சம் கியாட் கொடுத்து அப்படி ஒன்று வாங்கினோம். எந்தக் கடை, என்ன கம்பெனி என்பதெல்லாம் வேண்டாம். பெட்டி முழுக்க எழுத்து. 7.1, 50 எம்எம் டிரைவர் (உள்ளே இருக்கிற ஸ்பீக்கரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்), கலர் கலராக லைட் வேறு. (காதில் மாட்டிய பிறகு அந்த லைட்டை யார் பார்ப்பது என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.) நாலு மாதத்தில் ஒரு பக்கம் கேட்காமல் போனது, சரி, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று கழற்றினேன். தலைப்பட்டை வழியாக இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்குப் போகிற மெல்லிய வயர் அறுந்திருந்தது, ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டேன், அது பெரிய வேலையில்லை. ஆனால் உள்ளே ஒரு பக்கத்துக்கு ஒரு ஸ்பீக்கர், இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டே இரண்டுதான் இருந்தது. மிச்ச ஐந்தும் எங்கே, அந்தப் புள்ளி ஒன்று எங்கே என்று பையனைக் கேட்டேன். அவன் பெட்டியை எடுத்துக் காட்டினான்.

7.1 என்பது அறைக்குச் சொல்கிற கணக்கு. முன்னால் மூன்று ஸ்பீக்கர், பக்கவாட்டில் இரண்டு, பின்னால் இரண்டு, அப்புறம் தரை அதிர்கிற சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர், அதுதான் புள்ளி ஒன்று. ஹெட்போனில் இது எல்லாமே கம்ப்யூட்டர் போடுகிற கணக்குதான். வலது பக்கம் ஒருவர் கை தட்டினால் வலது காதுக்கு முதலில் கேட்கும், இடது காதுக்குக் கொஞ்சம் பிந்திக் கேட்கும். எவ்வளவு பிந்தி? ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட வராது, முக்கால் பங்குக்கும் குறைவு. அதையும், நடுவில் தலை மறைப்பதால் சத்தம் மங்குவதையும், காது மடலின் மடிப்புகளில் பட்டுத் திரும்புவதையும் சேர்த்துத்தான் 'இது பின்னால் இருந்து வருகிறது' என்று மூளை முடிவு செய்கிறது. இதையே ஒரு சராசரித் தலையை வைத்துக் கணக்குப் போட்டு இரண்டு ஸ்பீக்கரில் அனுப்புகிறார்கள். என் காது மடல் சராசரி இல்லை போலிருக்கிறது, பின்னால் வருகிற ஹெலிகாப்டர் எனக்கு எப்போதும் தலைக்குள்ளேதான் பறக்கிறது.

முக்கியமான விஷயம், இந்தக் கணக்குக்கு நீங்கள் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'விண்டோஸ் சோனிக்' என்று ஒன்று இலவசமாகவே இருக்கிறது. 2020ல் வந்த பிளேஸ்டேஷன் 5 எந்த ஹெட்போனைச் செருகினாலும் தானே அந்த வேலையைச் செய்யும். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, வேலரண்ட் மாதிரியான சுடுகிற கேம்களில் கேமுக்குள்ளேயே அந்த வசதி உண்டு. அங்கேயும் ஆன் செய்து, விண்டோஸிலும் ஆன் செய்து, ஹெட்செட்டிலும் 7.1 பட்டனை அமுக்கினால் கொதித்த டீயையே திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்த கதைதான், காலடிச் சத்தம் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கும். என் பையன் மூன்றையும் போட்டுக்கொண்டுதான் ஆறு மாதம் செத்துச் செத்து விளையாடினான்! ஏதாவது ஒன்று போதும். எதுவுமே இல்லாமல் சாதாரண ஸ்டீரியோவிலேயே இடது வலது நன்றாகத் தெரியும்.

சுற்றிலும் சத்தம் என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால், இந்த ஊரில் சைங் வைங் என்ற பர்மிய மேளக் கச்சேரி வாசிக்கிற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். 21 மத்தளத்தை வட்டமாகக் கட்டி நடுவில் ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பார், அவருக்குக் கேட்பதுதான் நிஜமான சரவுண்ட். ஒரு பொம்மைத் தலையின் இரண்டு காதிலும் மைக் வைத்து அவர் உட்காரும் இடத்தில் வைத்துப் பதிவு செய்தால், சாதாரண ஹெட்போனிலேயே அந்த வட்டம் முழுக்கக் கேட்கும். அப்படிப் பதிவு செய்கிற முறை பல காலமாகவே இருக்கிறது.

இனி பாட்டு. 20 முதல் 40,000 ஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். மனுஷக் காது கேட்பதே 20 முதல் 20,000 வரைதான், அதுவும் சின்ன வயதில், என் வயதுக்கு மேல்பக்கம் நிறையப் போய்விட்டது. 40,000 யாருக்கு, வீட்டு நாய்க்கா? டிரைவர் எத்தனை மில்லிமீட்டர் என்பதும் அப்படித்தான், 40 நன்றாகவும் 50 மட்டமாகவும் இருக்கலாம். விலையை வைத்தும் சொல்ல முடியாது. 2017ல் யெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்து, எந்த சுருதி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்கிற அளவுக்கும் விலைக்கும் சம்பந்தம் எதுவும் காணோம் என்று எழுதினார். இதைக் கடைக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்.

நான் செய்வது இதுதான். நன்றாகப் பதிவு செய்த நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போனில் வைத்திருப்பேன், கடையில் அதைத்தான் போட்டுக் கேட்பேன். தவிலில் வலந்தலையில் விரல் கூடு போட்டு அடிப்பார்கள், தொப்பியில் குச்சியால் அடிப்பார்கள். கூட்டுச் சத்தம் 'டக்' என்று தெறித்து நிற்க வேண்டும், குச்சி அடி 'தொம்' என்று விழுந்து உடனே அடங்க வேண்டும். மட்டமான ஹெட்போனில் இரண்டும் சேர்ந்து ஒரே குழம்பாகிவிடும், தொம் என்பது தொம்ம்ம்ம் என்று இழுத்துக்கொண்டே போய் நாதஸ்வரத்தின் மேல் ஏறி உட்காரும். இதைத்தான் 'செம பேஸ்' என்று விற்கிறார்கள். கேமிங் ஹெட்செட் நிறைய இப்படித்தான், குண்டு வெடித்தால் நெஞ்சு அதிர வேண்டும் என்று கீழ்ச் சத்தத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள், அதனாலேயே காலடிச் சத்தம் அமுங்கிப்போகும். அப்புறம் ஒரு வாய்ப்பாட்டு. பின்னால் தம்புரா தனியாகக் கேட்கிறதா, பாடுகிறவர் மூச்சு எடுப்பது கேட்கிறதா? கேட்டால் பாட்டுக்கும் நல்லது, கேமுக்கும் நல்லது.

அடுத்தது உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத விஷயம். நாம் ரங்கூனில் இருக்கிறோம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் வயர்லெஸ் வாங்கினால், போனுக்கு சார்ஜ், பவர்பேங்குக்கு சார்ஜ், இன்வெர்ட்டருக்கு சார்ஜ், அதோடு காதுக்கும் ஒரு சார்ஜ். சில வருடத்தில் உள்ளே இருக்கிற பேட்டரி வீங்கியோ வடிந்தோ போனால் முழு ஹெட்போனும் குப்பை. வயர் வைத்ததற்கு அந்தக் கவலை கிடையாது. சோனியின் எம்டிஆர்-7506 என்ற ஹெட்போன் 1991ல் வந்தது, பாட்டு ரெக்கார்டிங் பண்ணுகிற இடங்களில் இன்னமும் அதைத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். (அதன் காது மெத்தை உரிந்து உரிந்து விழும், வயரையும் கழற்ற முடியாது, அந்தக் குறையையும் சொல்லிவிடுகிறேன்.)

கேமுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ப்ளூடூத்தில் சத்தம் சாதாரணமாக நூறு, இருநூறு மில்லி நொடி பிந்தி வரும். படம் பார்க்கும்போது ஆப் படத்தையும் அதற்கேற்ற மாதிரி நிறுத்திப் பிடித்துக் காட்டிவிடும், அதனால் தெரியாது. பப்ஜியில் அதைச் செய்ய முடியாது, சுட்ட பிறகு சத்தம் வரும். அதோடு பெரும்பாலான ப்ளூடூத் ஹெட்போனில் மைக்கை ஆன் செய்தவுடன் மொத்தச் சத்தமும் பழைய லேண்ட்லைன் போன் மாதிரி ஆகிவிடும், ரிப்பேர் என்று என்னிடம் கொண்டுவருகிறவர்களிடம் 'இது ரிப்பேர் இல்லை தம்பி, அதன் சுபாவமே அப்படி' என்று சொல்லி அனுப்புகிறேன். கம்ப்யூட்டரில் குட்டி யூஎஸ்பி செருகுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பரவாயில்லை, அதில் தாமதம் குறைவு. போனில் ஹெட்போன் ஓட்டையே இல்லையே என்பவர்களுக்கு டைப்-சி கன்வெர்ட்டர் வயர் கிடைக்கிறது, தலை போகிற விலை இல்லை.

ஜெனரேட்டரையும் சொல்ல வேண்டும். சென்ஹைசர் எச்டி 600 மாதிரி, பின்பக்கம் வலை போட்டுத் திறந்திருக்கிற ஹெட்போன்கள்தான் சுற்றிலும் கேட்கிற உணர்வுக்கு அருமை என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான், தலைக்கு வெளியே சத்தம் நிற்கும். ஆனால் கீழே கடைவரிசையில் நாலு ஜெனரேட்டர் ஓடுகிற தெருவில், மூன்றாவது மாடி வராந்தாவில் அதை மாட்டிக்கொண்டு என்ன கேட்பது? போதாததற்கு கரண்டுக்கு அது கொடுக்கிற தடை 300 ஓம், போனில் செருகினால் முனகும், தனியாக ஆம்ப்ளிஃபையர் வேண்டும். போனுக்கு 32 ஓம் பக்கம் இருப்பதே சரி. நம் ஊருக்கு மூடிய ஹெட்போன், இல்லையென்றால் காதுக்குள் ரப்பர் வைத்து அடைக்கிற இயர்போன். சத்தத்தை ரத்து செய்கிற ஏஎன்சி வைத்தது ஜெனரேட்டருக்கென்றே செய்த மாதிரி வேலை செய்யும், ஏனென்றால் ஒரே சீராக ஓடுகிற தடித்த சத்தத்தைத்தான் அதனால் எதிர்ச்சத்தம் கொடுத்து அடக்க முடியும். நாய் குரைப்பது, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் உள்ளே வந்துவிடும். அந்த யோசனை போஸ் கம்பெனியை ஆரம்பித்த அமர் போஸுக்கு 1978ல் விமானத்தில் போகும்போது வந்ததாம், வங்காளத்து அப்பாவுக்குப் பிறந்தவர். நல்லதுதான், ஆனால் மறுபடியும் சார்ஜ்.

வெயிலையும் மறந்துவிட்டீர்கள். திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) மாதத்தில் தோல் மாதிரி பிளாஸ்டிக் மெத்தை வைத்த ஹெட்போனை ஒரு மணி நேரம் மாட்டிப் பாருங்கள், காதைச் சுற்றி வியர்வை வழியும், அடுத்த வருடம் மெத்தை கறுப்புக் கறுப்பாகக் கன்னத்தில் ஒட்டும். துணி மெத்தை பாருங்கள், கழற்றி மாற்றுகிற மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள், வயரும் கழற்றுகிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு மாட்டிப் பார்த்துவிட்டு வாங்கவும்.

வால்யூமைப் பற்றி நான் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், உலக சுகாதார நிறுவனம் சொல்வதையாவது கேளுங்கள். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 90க்குப் போனால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். ஜெனரேட்டர் சத்தத்தை அமுக்கத்தான் எல்லோரும் வால்யூமைக் கூட்டுகிறார்கள், அதற்காகவே காதை நன்றாக அடைக்கிற ஹெட்போன் வேண்டும் என்கிறேன். எனக்கு இடது காதில் பல வருடமாக 'கீ' என்று ஒரு சத்தம். குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றே பிழைப்பு நடத்தியவன்.

கடைசியில் பையனுக்கு என்ன வாங்கினேன் என்று கேட்பீர்கள். வயர் வைத்த சைனா இயர்போன் ஒன்று, வயர் கழற்றுகிற மாதிரி, பெட்டியில் 7.1 எதுவும் கிடையாது, பழைய ஹெட்செட்டின் விலையில் பாதிகூட ஆகவில்லை. தவில் தவிலாகக் கேட்கிறது. காலடிச் சத்தமும் கேட்கிறதாம். போன வியாழக்கிழமை சாயங்காலம் கரண்ட் வந்து 'மீ லாபீ' என்று தெருவே கத்தியிருக்கிறது, மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்ப வேண்டியவன் இவன்தான், காதில் இயர்போன். நான் வேலை முடிந்து வரும்போது மறுபடி கரண்ட் போயிருந்தது, தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இதற்கு எந்த ஹெட்போன் நல்லது என்று அடுத்த ஞாயிறு இதழில் எழுதினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மைக் செட் கட்டும் வாசகன்,
தாம்வே, ரங்கூன்